தஞ்சாவூருக்கு நடந்துபோகத் தைத்த பை

குடிமனைப் பட்டா கேட்டுத் திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸ் வரை நடந்தே போவதென்று விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் முடிவானபோது எனக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் குடியிருந்த மனை மிராசுதாருடையது. அவர் கிளம்பு என்றால் கிளம்ப வேண்டியதுதான். பயப்பட நிறையவே இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதுவரை நான் போன தூரமான ஊர் மன்னார்குடி, அதுவும் ஒரே தடவை.

நாலு நாள் நடை, அவரவர் சாமான் அவரவர் சுமக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் வெளியூருக்கு அறுப்புக்குப் போயிருந்ததால் வீட்டிலிருந்து நானும் அண்ணியும் பெயர் கொடுத்தோம். அண்ணிக்கு என்னைவிட ஒரு வயதுதான் கூட.

ஜமக்காளம், பித்தளைச் செம்பு, பானை, அரிசி, ஆளுக்கு இரண்டு நூல் புடவை என்று அண்ணி எடுத்து வைத்தார். மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றி, வாய்க்கால் கரையோடு மதகு வரை நடந்து பார்த்தோம். நாற்றுக்கட்டு சுமந்து பழகிய கழுத்துதான். ஆனாலும் திரும்பி வரும்போது அண்ணி பேச்சை நிறுத்தியிருந்தார். மூட்டையை இறக்கிவிட்டு, "இதத் தூக்கிக்கிட்டுப் போனா, கோஷம் போட மூச்சு இருக்காது" என்றார்.

அதன்பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. கண்ணில் பட்டதையெல்லாம் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். அரிசியை விட்டு அவல் எடுத்தேன். நனைத்துத் தின்றால் போதும், பானையும் வேண்டாம். செம்புக்குப் பதில் இருவருக்கும் ஒரே அலுமினியக் குவளை. யூரியா மூட்டைக்குள் இருக்கிற பிளாஸ்டிக் உறைகளை வாங்கிவந்து, கழுவிக் காயவைத்து, ஒன்றோடொன்று தைத்து விரிப்பாக்கினேன். இரண்டு துணிப்பைகளைச் சேர்த்துத் தைத்து, இரண்டு தோளிலும் மாட்ட, பழைய புடவைக் கரையில் வார் வைத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்று அண்ணி சிரித்தார். மறுநாள் தனக்கும் ஒன்று கேட்டார்.

புடவைதான் மிச்சம். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாயிடம் போனோம். எதற்கென்று கேட்டுக்கொண்டு, உள்ளேயிருந்து நைலக்ஸ் புடவை ஒன்றை எடுத்து வந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்ததாம். மடித்தால் ஒரு கைப்பிடிதான். பிழிந்து இரண்டு பேர் முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாலே காய்ந்துவிடும் என்றார். உடுத்திய புடவை போக இது ஒன்றை மட்டும் வாங்கி, இருவரும் மாற்றி மாற்றி உடுத்துவதென்று பேசிக்கொண்டோம்.

முதல் நாள் எங்கள் பையைப் பார்த்துக் கேலி செய்தவர்கள், இரண்டாம் நாள் மழை கொட்டியபோது எங்கள் விரிப்புக்குள் தலையை நுழைத்தார்கள். தையல் ஓட்டைகளில் ஒழுகத்தான் செய்தது. இருந்தும் ஏழு பேர் அதன் கீழே நடந்தோம்.

மூன்றாம் நாள், எங்களோடு வந்த ஒரு பெண் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் கைக்குழந்தை, தலையில் பெரிய மூட்டை, செருப்பு அறுந்து காலெல்லாம் கொப்புளம். திரும்பிப் போய்விடுகிறேன் என்று அழுதார். அண்ணி குழந்தையை வாங்கிக்கொண்டார். நான் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தேன்.

"உங்களுக்கே பாரம் இருக்கேம்மா" என்றார் அவர்.

"எங்க பையில ஒண்ணுமே இல்லக்கா. எந்திரிங்க, போவலாம்" என்றேன்.

நாலாம் நாள், பெரியகோயில் கோபுரம் தெரிந்ததும் கூட்டம் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அண்ணியின் தோளில் கைதட்டியது. எனக்கு ஓடவேண்டும் போலிருந்தது. கலெக்டர் ஆபீஸில் அந்தப் பெண் தன் மனுவைத் தானே நீட்டினார்.

அன்று மனுக்களை வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி. பட்டா கைக்கு வர மூன்று வருஷமும் இன்னும் இரண்டு ஊர்வலமும் ஆயின. இரண்டுக்கும் பெயர் எழுத ஆரம்பித்ததும் முதல் ஆளாகப் போய் நின்றோம், நானும் அண்ணியும்.