சந்தைக் காட்சியில் சிராஜுதீன்

ஓர் உளவாளிப் படத்துக்காக நஃபீஸத் மாதிரி வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தவர் மேலப்பாளையத்தில் வேறு யாருமில்லை. பீடி சுற்றுகிறவளுக்கும் உளவாளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவள் புருஷன் சிராஜுதீன் அதில் நடித்திருந்தார்.

நடித்தார் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். துறைமுகத்தில் குண்டு வைத்து ஜனங்களைக் கொன்றவர்களை, உளவாளிகள் வேஷம் மாறித் தேடிப்போய்ப் பழிவாங்குகிற கதை, எழுபதுகளில் நடக்கிறது. அதற்காக வளைகுடாவில் ஒரு பழைய சந்தையைப் பிடித்தார்கள். கூட்டத்துக்கு ஆள் போதாமல், பக்கத்து ஓட்டலில் சமையல் பார்த்த சிராஜுதீனையும் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஹாஜாவையும் கூட்டிப்போனார்கள். "படம் வரட்டும், ஜங்ஷன் தியேட்டர்ல ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்" என்றார் போனில். அவ்வளவு ஆசையாக அவர் எதையும் சொன்னதில்லை.

படம் வருவதற்கு முன்னால் அவருக்கு மாரடைப்பு வந்துவிட்டது. அங்கேயே அடக்கம். அவர் இருந்த இடத்தில் வீடியோ காலும் எடுக்காது. பல வருஷமாகக் குரலை மட்டும் கேட்டவளுக்குக் கடைசியாக முகம் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை. இனி அந்த முகம் அசைவதைப் பார்க்க அந்தப் படம் ஒன்றுதான் வழி.

புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாசம் பத்து நாள் இத்தாவில் நஃபீஸத் இருந்தாள். அது முடிகிறவரை வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்களைப் பார்க்கக் கூடாது. படமோ சமயம் பார்த்து அப்போதுதான் ஜங்ஷனுக்கு வந்தது.

"நான் போயி வாப்பாவப் பாத்துட்டு வரட்டா உம்மா?" என்றாள் மகள் ருக்சானா.

"எனக்கு முந்தி நீ பாத்துருவியோ?" என்று சீறினாள். பிறகு மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

படம் ஓடி முடிந்தது. இத்தா முடிந்த அன்று ருக்சானா அதைப் போனில் எடுத்துக் கொடுத்தாள். சந்தை வந்தது. உளவாளி ஓடுகிறான், பேரீச்சம்பழக் கூடை கவிழ்கிறது. ஓரத்தில் ஒருவர் முதுகு காட்டி, இடது தோளைச் சரித்து நிற்கிறார். அவரேதான். நஃபீஸத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். அவர் திரும்பவேயில்லை.

விடுப்பில் வந்திருந்த ஹாஜா சாயங்காலம் துக்கம் கேட்க வந்தான்.

"எல்லார் மொகமும் தெரியுது. அவுஹ மட்டும் ஏன் தம்பி அங்கன திரும்பி நிக்குதாஹ?"

ஹாஜா தரையைப் பார்த்தான். "மொதல்ல மொகம் தெரியத்தான் நிறுத்துனாங்க ராத்தா. கேமராவப் பாக்கக் கூடாதுன்னு எவ்வளவோ சொல்லியும் சிராஜுதீன் காக்கா அதையேதான் பாத்தாஹ. மறுபடி எடுத்தாங்க, மறுபடியும் பாத்தாஹ. டைரக்டர் கத்திட்டு, திருப்பி நிறுத்திட்டாரு. 'ஏன் காக்கா இப்படி?'ன்னு கேட்டேன். 'அந்தப் பக்கம் நஃபீஸத்து இருப்பால்லா'ன்னாஹ."