பத்து நிமிடம் படுக்க ஒரு சீட்டு

கரையான்சாவடியில் நான் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் கிளினிக்கில் அந்தப் பெண் ஒருநாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. குழந்தை ஒரு இடுப்பில் இருக்கும். மறுகையை முஷ்டியாக்கி, முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் கொடுத்துச் சாய்ந்து நிற்பாள்.

“ஆபரேசன் அன்னிக்கு முதுகுல ஊசி போட்டாங்க மேடம். அதான் இந்த வலி.”

ஊசி காரணமல்ல, வயிற்றிலும் இடுப்பிலும் தசைகள் தளர்ந்துவிட்டன என்றேன். தினமும் பத்து நிமிடம் தரையில் மல்லாந்து, முழங்காலை மடக்கிச் செய்யும் பயிற்சியைக் காட்டினேன்.

“இத மாத்திரையா குடுத்துருங்க மேடம். பகல்ல சொம்மா படுத்துகினு கீறேன்னு ஊட்ல பேசுவாங்க.”

அதனால் மருந்துச் சீட்டிலேயே எழுதினேன்: காலை, மாலை, சாப்பாட்டுக்கு முன், பத்து நிமிடம். முத்திரையும் குத்தினேன்.

அடுத்த வாரமும் அதே சுவர், அதே முஷ்டி.

“சீட்டைக் காட்டினியாம்மா?”

“காட்னேன். மாமியாரு ரெண்டு தபா படிச்சாங்க. என் ஊட்டுக்காரரும் ஆபரேசன்ல பொறந்தவருதான். அன்னியிலேர்ந்து மாமியாருக்கும் இதே வலியாம். யாராண்டயும் சொன்னதேயில்ல. இப்ப டெய்லி அவங்க படுக்குறாங்க. நாந்தான் காலப் புடிச்சு மடக்கி வுடறேன்.”

“நீ?”

“ரெண்டு பேரும் படுத்தா அடுப்ப யாரு பாக்கறது, புள்ளய யாரு தூக்கறது? அவங்களுக்கு இப்ப தேவல மேடம்.”

சொல்லும்போது அவள் முகத்தில் உண்மையாகவே ஒரு சந்தோஷம் இருந்தது. இன்னொரு சீட்டு எழுதப் பேனாவைத் திறந்தேன். அதை அந்த வீட்டில் யாருக்கு எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.