சத்தமில்லாத பிடி

மாலை நாலு பத்துக்கு எதிரணிப் பெண் என் மகளின் வலது முன்கையை முதல் தடவையாகப் பிடித்தாள். நேரம் எப்படித் தெரியுமென்றால், நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் சாலையை அடைப்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று வேங்கிக்கால் அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. மகள் பத்தாவது படித்தாள். பள்ளிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி. இவள் வளையத்தைப் பார்த்து எம்பினாள்; தடுக்க வந்த பெண் பந்துக்கே கையை நீட்டவில்லை. கீழேயிருந்து முன்கையை ஒரு பிடி பிடித்து, உடனே விட்டாள். பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் விழுந்தது. விசில் வரவில்லை.

கல்லூரியில் நானும் ஆடியவள்தான். பந்தின் மேல் இருக்கும் விரல்களில் தட்டினால் தப்பில்லை. பந்தைத் தட்டப் போகிற கை அங்கே படத்தான் செய்யும். மணிக்கட்டிலோ முன்கையிலோ பட்டு, எறிகிறவளின் வீச்சு கெட்டால் அது ஃபவுல். எந்த இடத்தில் பட்டது, பட்டதால் என்ன ஆனது, இந்த இரண்டையும் நடுவர் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் ஊர் ஆட்டங்களில் நடுவர்கள் காதால் பார்த்தார்கள். 'பட்' என்று சத்தம் வந்தால் விசில். சத்தம் இல்லையென்றால் ஆட்டம் தொடரும். இது எல்லாப் பள்ளிக்கும் தெரிந்த விஷயம். அதனால் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் தடுக்கப் பழக்கினார்கள். எதிரணியின் பி.டி. மாஸ்டர் கோட்டோரம் நின்று வெட்கமே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தார்.

"அடிக்காதடி, புடி! அடிச்சா சத்தம் வரும், புடி!"

அன்றைக்கு நடுவர் ஒருவர்தான். வேறொரு பள்ளியின் பி.டி. மாஸ்டர். கூட இருக்க வேண்டிய இரண்டாவது நடுவர் வரவில்லை. இவரும் வெயிலுக்கு ஒதுங்கி, பாதி ஆட்டத்தை மர நிழலிலிருந்தே நடத்தினார். எங்கள் அணிப் பெண் ஒருத்தி அவரிடம் ஓடினாள்.

"சார், கைய புடிக்கிறாங்க சார்!"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா. ஆடு, ஆடு."

கொஞ்ச நேரத்தில் என் மகள் தடுத்தாள். எதிரே எம்பியவளின் பந்தின் மேல், அவள் விரல்களின் மேல், பளாரென்று ஒரு தட்டு. பந்து வெளியே பறந்தது. அத்தனை சுத்தமான தடுப்பை நான் கல்லூரியிலும் பார்த்ததில்லை. மைதானம் முழுக்கச் சத்தம் கேட்டது. விசில் பறந்தது. ஃபவுல், என் மகள் பேரில்.

எழுந்து அவரிடமே போனேன்.

"சார், அது பந்து மேல இருந்த கைங்க. ஃபவுல் இல்ல. அந்தப் பொண்ணு முன்கைய புடிக்குது பாருங்க, அதுதான் ஃபவுல்."

"நீங்க யாரு?"

"பொண்ணோட அம்மா."

"அதான பாத்தேன். போய் உக்காருங்கம்மா."

திரும்பி வரும்போது எதிரணிப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார்: "பத்தாவது படிக்கிற பொண்ண டியூஷனுக்கு அனுப்பாம, இங்க வந்து சண்டை போடுது பாரு இந்தம்மா."

"உங்க பொண்ணு எத்தனாவதுங்க?"

"அது... பத்தாவதுதான்."

அவர் மனைவியே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி பிடி. மறுபடி. ஒவ்வொரு முறையும் இவள் கையை உதறிக்கொண்டு ஓடினாள். இடைவேளையில் தோழிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கத்துடி! ஆன்னு கத்து, தானா விசில் அடிப்பாரு."

"வலிக்கவே இல்லயேடி. வலிக்காம எப்படிடி கத்தறது?"

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது இவள் வளையத்துக்கடியில் எம்பினாள். அந்தப் பெண் முன்கையைப் பிடித்தாள். இந்தத் தடவை சீக்கிரம் விடவில்லை. உடம்பு ஒரு பக்கம் போக, கை அவள் பிடியிலேயே நின்று, கடைசியில் விடுபட்டபோது என் மகள் மடங்கிய மணிக்கட்டின் மேல் மொத்தமாக விழுந்தாள். கத்தினாள். அந்தக் கத்தலுக்கு விசில் வந்தது.

நான் உள்ளே ஓடியபோது நடுவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு ஃப்ரீ த்ரோ. யாரும்மா போடறது?" தரையில் கிடந்தவளை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் பள்ளி பி.டி. டீச்சர், "மேட்ச் முடிஞ்சதும் வந்துடறேன், நீங்க போயிட்டே இருங்க" என்றார். ஆட்டம் மறுபடி தொடங்கியது.

வெளியே ஆட்டோ கிடையாது. பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அரசு மருத்துவமனை வரை நடந்தோம். எதிரே கூட்டம் கூட்டமாக வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார்கள். அவளை என் துப்பட்டாவால் தொட்டில் கட்டிய கையோடு பின்னால் விட்டு, நான் முன்னால் முழங்கையை விரித்துக்கொண்டு, "கை, கை, பாத்துப் போங்க" என்று கத்திக்கொண்டே போனேன். இடித்தவர்களையெல்லாம் திட்டினேன். அவர்கள் பாவம், சாமி கும்பிட வந்தவர்கள். நான் திட்ட வேண்டிய ஆள் மைதானத்தில் நின்றிருந்தார்.

எக்ஸ்ரேயில் மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டு போடும்போது அவள் அழவில்லை. முடிந்த பிறகுதான் கேட்டாள்.

"பழையபடி மடங்குமா டாக்டர்? ஷூட் பண்றப்ப மணிக்கட்டு மடங்கணும்."

"கட்டு பிரிச்சுப் பாத்தாத்தாம்மா தெரியும்."

இன்றைக்கும் அவள் எதையாவது கனமாகத் தூக்கினால் என் கண் அந்தக் கைக்குத்தான் போகிறது.

வெளி வராந்தா பெஞ்சில் பி.டி. டீச்சருக்காகக் காத்திருந்தோம். அவர் வரவில்லை. நடுவர் வந்தார். விசில் இன்னும் கழுத்தில் தொங்கியது. நான் புகார் கொடுக்கப் போகிறேன் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டார். அவள்தான் பேசினாள்.

"சார், கைய தூக்குங்க. ஷூட் பண்ற மாதிரி."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூக்கினார். இவள் எழுந்து, இடது கையால் அவர் முன்கையைப் பிடித்தாள். சின்ன சத்தம்கூட இல்லை.

"இப்ப எறிங்க சார்."

அவர் கை பாதியில் நின்றது. இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்தார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, அவளை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"இதுக்கெல்லாம் விசில் அடிச்சா ஆட்டமே நடக்காதுங்க."