டீ குடிக்காமல் போனவர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, தானா ராத்தா மலையூரில் தெரிந்தவர்களுக்குக் கணினி பழுது பார்த்துக் கொடுத்துக்கொண்டு இருக்கிறேன். ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

போன தீபாவளிக்குப் பிறகு, என் பழைய மாணவன் குமார் ஈப்போவிலிருந்து கூப்பிட்டான்.

“சார், தங்கச்சி கல்யாண வீடியோ போட்டா பாதியில நீலமா வந்து அப்படியே செத்துப் போவுது. தீவாளிக்கு வந்தப்ப என் போன் லைன்ல இன்டர்நெட் கனெக்ட் பண்ணேன், அதுலேர்ந்துதான். அம்மா அதைத்தான் டெய்லி பாக்குறாங்க. கொஞ்சம் பாத்துக் கொடுங்க சார்.”

காரணம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. லைன் கிடைத்ததும் கணினி தானாகவே புதிய வீடியோ டிரைவர் மென்பொருளைப் போட்டுக்கொண்டிருக்கும், அந்தப் பழைய மெஷினுக்கு அது ஒத்துவராது. அதை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டால் சரியாகிவிடும்.

அவன் அம்மா லெச்சுமி தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் தனியாக இருக்கிறார், இன்னும் கொழுந்து பறிக்கிறார். நான் போனபோது சாயங்காலம், வாசல் வரைக்கும் மூடுபனி. வேலை முடிந்து வந்தவர் கணினித் திரைக்கு முன்னால் ஒரு சில்வர் தம்ளரில் டீ வைத்திருந்தார். எனக்கு என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டேன்.

“அது அவருக்கு சார். ஒங்களுக்கு வேற போடுறேன்.”

அவர் என்றால் முனியாண்டி, லெச்சுமியின் கணவர். கொழுந்து லோரி ஓட்டியவர், மகள் கல்யாணம் முடிந்த சில மாதத்தில் இறந்துபோனார். லெச்சுமி வீடியோவைப் போட்டுக் காட்டினார். நானும் போயிருந்த கல்யாணம்தான். கோயில் மண்டபம், கூட்டம், முனியாண்டி சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே கேமராவை நோக்கி வருகிறார், முகம் நன்றாகத் தெரிகிற இடத்தில் ஒரு நொடி உறைந்து, திரை நீலமாகிவிட்டது. லெச்சுமி, அவர் குடித்த மிச்சம்போல டீயை எடுத்து ஒரு வாய் குடித்து, தம்ளரைத் திரும்ப அங்கேயே வைத்தார்.

“இதுல டிரைவர் கோளாறும்மா,” என்றேன்.

“டிரைவரைக் கோளாறுன்னு சொன்னா அவருக்குக் கோவம் வரும் சார்,” என்று சிரித்தவர், பிறகு சொன்னார்: “சரி பண்ண வேணாம் சார். முன்ன வந்த வேகத்துல தாண்டிப் போயிருவாரு. இப்பதான் நின்னு என்னைப் பாக்குறாரு. இப்படியே இருக்கட்டும்லா.”

எனக்கு டீ போட அவர் அடுப்படிக்குப் போனார். வேண்டாம் என்றது என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் பழுது என்று தெரிந்த ஒன்றைத் தொடாமல் எழுந்து வர எனக்குத் தெரியாது. வழக்கம்போல முதலில் வீடியோவைப் பென்டிரைவில் நகல் எடுத்தேன். கணினியைச் சேஃப் மோடில் திறந்து புதிய டிரைவரை நீக்கினேன், கொண்டுபோயிருந்த பழையதைப் போட்டேன், மறுபடி தானாக மாறாதபடி தடுத்து வைத்தேன். பிறகு வீடியோவை ஓடவிட்டேன்.

முனியாண்டி வந்தார். நிற்கவில்லை. கீழே, தம்ளர் இருந்த பக்கம் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத் திரையின் ஓரமாகப் போய்விட்டார். லெச்சுமி என் டீயோடு பின்னால் நின்றிருந்தார்.

“டீ குடிக்காமலே போயிட்டாரே சார்.”

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று மறுபடி போட்டேன். மண்டபம் இருந்தது, கூட்டம் இருந்தது, முனியாண்டி இல்லை. முதலிலிருந்து தேடினேன், தாலி கட்டும் இடத்தில்கூட இல்லை. பயந்துபோய் அந்தக் கெட்ட டிரைவரையே திரும்பப் போட்டேன். நம்பினால் நம்புங்கள், அதற்குப் பிறகு வீடியோ எங்கேயும் நிற்கவில்லை, அவரும் வரவில்லை.  லெச்சுமி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு குமார் போனில் நன்றி சொன்னான். “அம்மா இப்ப அந்த வீடியோவே போடுறதில்ல சார். மனசு தேறிட்டாங்க போல.” 

பென்டிரைவ் என்னிடம் இருக்கிறது. எதையும் தொடுவதற்கு முன்னால் எடுத்த நகல், அதிலும் அவர் இல்லை. கூட்டம் மட்டும் விலகி வழி விடுகிறது, ஒவ்வொருவராக வெறும் காற்றில் விரலை நீட்டுகிறார்கள். அந்த வரிசையில் நானும் நிற்கிறேன். நானும் விரலை நீட்டி, நெற்றியில் வைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு வருகிற காட்சிகளில் என் நெற்றியில் சந்தனம் இருக்கிறது.