வேளாங்கண்ணிச் சீட்டு

அன்று சைக்கிள் கொட்டகையில் இருந்தவர்கள் சிஸ்டர், ஸ்டெல்லா, அந்தோணி, பிலோமினா, நான், ஐந்தே பேர்.

இப்போதும் திண்டிவனத்தில் பஞ்சர் கடையைத் தாண்டும்போது வெயிலில் காய்ந்த டயர் வாசனை அடித்தால், எட்டாவதோடு நான் விட்டுவிட்ட பள்ளிக்கூடமும், எப்போதோ இடித்துவிட்ட அந்தத் தகரக் கொட்டகையும் கண்ணில் வந்து நின்றுவிடும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மற்ற பிள்ளைகளெல்லாம் வகுப்பில் நீதிபோதனை கேட்டுக்கொண்டிருக்க, நாங்கள் நாலு பேர் மட்டும் சைக்கிள்களுக்கு நடுவில் சாக்கு விரித்து உட்கார்ந்து, சிஸ்டர் சொல்லச் சொல்ல, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கான வேதபாடமான ஞானோபதேசத்தை ராகம் போட்டுப் படிப்போம்.

நாங்கள் இந்துக்கள். மாதாவுக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் எனக்கு வேளாங்கண்ணி என்று பெயர். பெயரைப் பார்த்து அங்கே அனுப்பிவிட்டார்கள். இந்து என்று சொன்னால் எழுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், அந்த ராகத்தை விட மனமில்லாமல், ஒரு வருஷம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு, ஞானஸ்நானச் சீட்டு கொண்டுவரச் சொன்னார் சிஸ்டர். "மாதா கோயில் சீட்டுன்னா இதாண்டி இருக்குது" என்று அம்மா பெட்டியிலிருந்து எடுத்துத் தந்ததை நீட்டினேன்.

ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "ஐயே, மொட்டை போட்ட சீட்டு சிஸ்டர் இது!"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "அப்ப ஞானஸ்நானம் வாங்கலையா? நீங்க இந்துவாடி? ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்க சிஸ்டர்."

சீட்டை நாலாக மடித்து என் கையிலேயே வைத்தார். "இது புதுநன்மைக்குச் செல்லாது. கொட்டாய்க்குச் செல்லும். உக்காரு, எங்க உட்டோம்?"