டென்மார்க் மணியும் கரடியூர்ச் சம்பளமும்

அம்மணிக்கு வாய் நீளம் என்று ஏற்காட்டு மலையில் நாகலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, படிப்பைப் பாதியில் விட்டுக் காப்பிப் பழம் பறிக்கப் போனவள். பழ மூட்டையை எடை போடும்போது கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவன், எடை குறைத்துக் காட்டத் தராசுக்கு அடியில் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். "காலெ எடுங்க. கூலி குடுக்கறது கம்பெனி, உங்களுக்கு ஏனுங்க வலிக்குது?" என்று அத்தனை ஆட்களுக்கு முன்னாலும் கேட்டுவிட்டாள். அதோடு எஸ்டேட் வேலையும் போனது, லைன் வீடும் போனது. புருஷன் நல்லமுத்து திருப்பூர் மில்லுக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் போய்க் கூப்பிடவில்லை. நாகலூரில் ஒரு அறை வாடகைக்குப் பிடித்தாள். மகள் தீபிகாவைச் சேலத்தில் நர்ஸ் படிப்பில் சேர்த்தாள்.

கரடியூரில் மாதேஸ்வரன் என்ற விவசாயி, காப்பித் தோட்டத்து ஓரத்தில் டூரிஸ்டுகளுக்கென்று நான்கு அறை கட்டியிருந்தார். அங்கே சமையலுக்குச் சேர்ந்தாள். மாதம் ஒன்பதாயிரம். காலையில் முதல் பஸ்ஸில் வந்தால் ராத்திரிச் சாப்பாடு ஆக்கி வைத்துவிட்டுக் கடைசி ஜீப்பில் போவாள். நடுவில் வேலை இல்லாத நேரமும் உண்டு. மிளகு புடைப்பாள், அடுப்படியிலேயே தலையைச் சாய்ப்பாள். மாதேஸ்வரன் ஒன்றும் தங்கமான முதலாளி இல்லை. சம்பளத்தைப் பத்து நாள் இழுப்பார். ஆனாலும் சொன்ன தொகையில் பைசா குறைக்கமாட்டார்.

போன வருஷம் அவருடைய மகன் சந்திரசேகர் மனைவி சிவரஞ்சனியோடு டென்மார்க்கிலிருந்து திரும்பி வந்தான். அறைகளை அவன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அப்பா ஒதுங்கிக்கொண்டார். வந்த வாரமே அம்மணியைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

"அக்கா, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நீங்க பாக்கறதுக்குப் பேரு வேலை இல்லீங்க, அடிமைத்தனம். அங்க வாரத்துக்கு முப்பத்தேழு மணி நேரந்தான். மணி ஆச்சுன்னா கையில இருக்கறதெ அப்படியே வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிருவாங்க. யாரும் ஒரு வார்த்தை கேக்க முடியாது."

அம்மணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்கு ஜீப்பில் பக்கத்தில் இருந்தவளிடமெல்லாம், "எங்க தம்பி நொம்ப நல்லவருங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

மாதம் முடிந்தபோது கையில் வந்தது ஆறாயிரத்துக்கும் குறைவு.

சிவரஞ்சனி போனில் காட்டி விளக்கினாள். காலை டிபனுக்கு ஆறிலிருந்து ஒன்பது வரை மூன்று மணி நேரம், மதியத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. மணிக்கு முப்பத்தெட்டு ரூபாய். நடுவில் சும்மா இருக்கும் நேரம் வேலையில் சேராது. "அது உங்க நேரம்க்கா. வீட்டுக்குப் போகலாம், தூங்கலாம், என்ன வேணா பண்ணலாம்."

அந்த இடைவெளியில் நாகலூர் போய்த் திரும்ப பஸ் கிடையாது. அது சிவரஞ்சனிக்கும் தெரியும்.

"அங்க மணிக்கு எவ்வளவுங்க தருவாங்க?" என்று கேட்டாள் அம்மணி.

சிவரஞ்சனி தயங்கினாள். "நம்ம காசுக்கு ரெண்டாயிரம் வரும். ஆனா அதையும் இதையும் ஒப்பிடக் கூடாதுக்கா. அங்கே ஒரு காபியே ஐந்நூறு ரூபாய்."

"மணியெ மட்டும் ஒப்பிட்டீங்களேங்க."

சிவரஞ்சனி போனை அணைத்து வைத்தாள். அம்மணியால் வேலையை விடவும் முடியவில்லை. தீபிகாவுக்குப் பரீட்சைப் பணம் கட்ட வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஆனால் அன்றிலிருந்து மிளகு புடைப்பதை நிறுத்தினாள். சும்மா இருக்கும் நேரத்தில் யாராவது கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சந்திரசேகரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டான். உப்பு கூடினால் சிவரஞ்சனியிடம் சொல்லி அனுப்புவான், அடுத்த அறையிலிருந்தே.

மே மாதம் கோடை விழாக் கூட்டம். நான்கு அறையும் நிறைந்து, கூடத்திலும் பாய் விரித்திருந்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் எழுந்து பல் தேய்த்துவிட்டு வரவே ஒன்பது மணி தாண்டிவிட்டது. தட்டை ஏந்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அம்மணி கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்துக் கடையில் டீ வாங்கி உட்கார்ந்திருந்தபோது சந்திரசேகர் பைக்கில் வந்து இறங்கினான்.

"ஏனுங்க்கா, ஆளுக தட்டோட நிக்கறாங்க. பாதியில அடுப்பெ அணைச்சுட்டு வந்தா என்ன அர்த்தம்?"

"என்ற மணி முடிஞ்சுதுங்க தம்பி. இது என்ற நேரம். டீ குடிக்கிறேன்."

"விளையாடறீங்களா?"

"கையில இருக்கறதெ அப்படியே வெச்சுட்டுப் போவாங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

"அது அங்க! அங்கத்த கதை வேற!"

"சம்பளத்தெ வெட்டறதுக்கு அங்கத்த கதை, தோசை ஊத்தறதுக்கு இங்கத்த கதைங்களா?"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். சந்திரசேகருக்கு முகம் கறுத்தது. "எங்கப்பன் சேத்துக்கலீன்னா இன்னேரம் நீ எஸ்டேட் கேட்டுலதான் நின்னுட்டு இருப்பே. அந்த நன்றி இருக்குதா உனக்கு?" என்றான்.

எவ்வளவு கோபத்திலும் அம்மணியின் பேச்சில் 'ங்க' விட்டுப் போனதில்லை. ரைட்டரிடம்கூட மரியாதையோடுதான் சண்டை போட்டிருந்தாள். அன்றைக்கு அது வரவில்லை.

"உங்கொப்பன் எனக்குச் சோறு போடலைடா. உங்கொப்பனுக்கும் உனக்கும் சோறு பொங்கினவ நானு. போ. போய் நீயே ஊத்து தோசை."

அந்த மாதத்துச் சம்பளத்தை அவன் கொடுக்கவில்லை. அவள் மாதேஸ்வரனிடம் போனாள். அவர் களத்தில் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. "எல்லாம் இப்ப அவந்தான் அம்மணி. அவங்கிட்டயே கேட்டுக்க" என்றார். சந்திரசேகர் கத்தியதைவிட இதுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது. அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது சேலம் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கூட இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள். வந்த வழியே திரும்பினாள்.

சனிக்கிழமை அறைகள் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்துப் போய், கார்கள் நிற்கும் இடத்தில் நின்று சத்தம் போட்டாள். ஆளுக்கு ஆள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். சிவரஞ்சனி ஓடி வந்து பணத்தை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள், ஏற்காடு ஜீப் ஸ்டாண்டில் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு சிவரஞ்சனி நின்றிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். அம்மணி பார்க்காததுபோல் நகர்ந்தாள். அவளே பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, வந்துடுங்க. பழையபடி மாசச் சம்பளமே தரோம். உங்களுக்கு அப்புறம் வந்த ரெண்டு பேரும் நிக்கலை. எல்லாம் நான்தான். அஞ்சு மணிக்கு எந்திரிச்சா படுக்கப் பதினொண்ணு ஆகுது." பைகளைக் கை மாற்றிக்கொண்டாள். "அங்கே நான் ஒரு ஹோட்டல்ல பாத்திரம்தான் கழுவினேன். ஆனா மூணரைக்கு வீட்டுக்குப் போயிடுவேன்க்கா."

அம்மணிக்கு ஒரு கணம் மனசு இளகியதுதான். இளகவிடக்கூடாது என்று நினைத்தாள்.

"உங்க ஊட்டுக்காரரு உங்களுக்கு மணிக்கு எவ்வளவுங்க போடறாரு?"

நோகட்டும் என்றே கேட்டாள். நொந்தது. சிவரஞ்சனி பைகளைக் கீழே வைத்தாள், திரும்ப எடுத்தாள், வந்து நின்ற ஜீப்பில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அன்று முழுக்க அம்மணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டதற்காக வருத்தப்பட்டாளா என்றால், அதுவும் இல்லை.

இப்போது அவள் ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதியில் சமைக்கிறாள். ஒன்பதாயிரத்து ஐந்நூறு. ஞாயிற்றுக்கிழமை லீவு என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். மூன்று ஞாயிறு போய்விட்டது, லீவு வரவில்லை. நாளைக்கு வார்டனைக் கேட்கப் போகிறாள். கூட வருகிறோம் என்று சொன்ன மற்ற சமையல்காரிகளில் எத்தனை பேர் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது.