பேரிங் கழற்றும் கை

கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டில் படுக்கையோடு கிடக்கும் அம்மாவுக்கு மாற்ற இனி ஒரேயொரு விரிப்புத்தான் மிச்சம். பழுதான வாஷிங் மெஷினின் டிரம்முக்குப் பின்னால் துருவேறி இறுகிய பேரிங்கைச் சுத்தியலால் அடித்து அடித்துக் கை மரத்துவிட்டது. அது அசையவேயில்லை. பழைய கிரீஸ் மணம் மட்டும் கிளம்பியது.

நாங்கள் முன்பிருந்த கொட்டாஞ்சேனை வீட்டில் அது அப்பாவின் மணம். துறைமுகத்தில் கிரேன் திருத்தும் அப்பாவின் ஓவரோலை அம்மா எங்கள் உடுப்போடு சேர்க்கமாட்டார். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தனியாகத்தான் தோய்ப்பார். ஒருநாள் வேலைக்குப் போன அப்பா திரும்பி வரவேயில்லை. ஆணியில் அழுக்காகத் தொங்கிய அவருடைய மற்ற ஓவரோலை, அம்மாவுக்கு உதவி என்று நினைத்து, எட்டு வயதில் நான் மண்ணெண்ணெய் விட்டுத் தோய்த்துக் காயப்போட்டேன். அம்மா அதை முகத்தில் வைத்து மணந்து பார்த்தார்.

"ஏன் பிள்ளை தோய்ச்சனி?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அறையிலிருந்து அம்மா கத்தினார். கைகூடத் துடைக்காமல் ஓடினேன். என் பெயரையே மறந்துபோன அம்மா, என் கையை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"வந்திட்டியளோ? ஏன் இவ்வளவு நேரம்?"

"வேலை முடியேல்லை," என்றேன், அப்பாவைப் போல.